எண்ணைச் சொன்னால் போதுமா? கருவியையும் சொல்லுங்கள்!



வெர்னியர் காலிப்பருக்கு 0.02 மி.மீ., ஸ்க்ரூ கேஜுக்கு 0.01 மி.மீ. முதலாண்டு சேர்ந்த சில நாட்களிலேயே நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிற லீஸ்ட் கவுண்ட் இவை. ரெக்கார்ட் நோட்டில் ரீடிங்குக்கு மேலே கருவியின் பெயரும் லீஸ்ட் கவுண்ட்டும் எழுதாவிட்டால் சார் கையெழுத்துப் போட மாட்டார். "இதெல்லாம் ஒரு பெரிய விஷயமா" என்று முணுமுணுத்துக்கொண்டேதான் நாமும் எழுதுகிறோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்த மலரில் சொல்ல வந்திருக்கிறேன். லேத், ஷாஃப்ட், பேரிங் எதையும் வைத்து அல்ல. மனிதக் கண்ணை வைத்து!

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல மூடியிருக்கிற படலத்துக்குக் கார்னியா என்று பெயர். கண்தானம் செய்தவரிடமிருந்து எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது இதைத்தான். விட்டம் 11 அல்லது 12 மி.மீ., நடுவில் தடிமன் அரை மி.மீ. சொச்சம். அதில் ரத்தக்குழாய் கிடையாது. ஆனால் நரம்பு இருக்கிறதே, உடம்பிலேயே மிக நெருக்கமாக நரம்பு ஓடும் இடங்களில் இதற்குத்தான் முதலிடம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வரும்போது கண்ணில் ஒரு தூசி விழுந்தால் உலகமே தலைகீழாகிவிடுகிறதே, அதற்குக் காரணம் இந்த நரம்புகள்தான். இவை மேல்தோல் அடுக்குக்குச் சற்றுக் கீழே, படலத்துக்கு இணையாக, வயலில் உழவுச் சால் ஓடின மாதிரி வரிசை வரிசையாக ஓடுகின்றன. கார்னியாவின் மையத்துக்குக் கொஞ்சம் கீழே ஒரு சுழி போட்டுச் சேருகின்றன. நம் உச்சந்தலையில் சுழி இருக்கிறதே, அதே மாதிரி!

"சரி, இந்த நரம்பை எதற்கப்பா அளக்க வேண்டும்?" என்று கேட்பீர்கள். காரணம் சர்க்கரை நோய். அந்த நோய் முற்றினவர்களுக்குக் காலில் எரிச்சல் வரும், பிறகு மரத்துப்போகும். செருப்பு கழன்று பின்னால் கிடப்பது கூடத் தெரியாமல் நடந்துபோகிற பெரியவர்களை நம் தெருவிலேயே பார்க்கலாம். பாதத்தில் புண் வந்தாலும் தெரியாது. தெரியும்போது விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலைமை. இதில் முதலில் கெட்டுப்போவது மெல்லிய நரம்பிழைகள். கரண்ட் கொடுத்துப் பார்க்கும் வழக்கமான நரம்புச் சோதனை பெரிய நரம்புகளைத்தான் அளக்கும்; மெல்லியது கெட்டது அதில் தெரியாது. தோலில் 3 மி.மீ. வட்டத்துக்கு ஒரு துண்டு வெட்டி எடுத்து நரம்பை எண்ணலாம். ஆனால் அது வெட்டுக்காயம். மறுபடி மறுபடி செய்ய முடியாது. கார்னியாவோ ஒளி ஊடுருவும் பொருள். உள்ளே இருக்கிற நரம்பை ஊசியில்லாமல், கத்தியில்லாமல், மைக்ராஸ்கோப் வைத்து அப்படியே பார்த்துவிடலாம். சர்க்கரை நோயில் கார்னியாவின் நரம்பும் குறைகிறது என்று ஆய்வுகள் காட்டியபிறகு, 'கண்ணைப் பார்த்துக் காலைத் தெரிந்துகொள்' என்கிற மாதிரி ஒரு புதுவழி திறந்தது. சும்மா சொல்லக்கூடாது, அருமையான யோசனை.

எனக்குச் சண்டை யோசனையோடு இல்லை. அதிலிருந்து வருகிற எண்ணைக் கையாளுகிற விதத்தோடுதான்.

அளவு என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு சதுர மி.மீ. பரப்பில் ஓடும் எல்லா நரம்பையும் பிரித்து நீட்டி வைத்தால் எத்தனை மி.மீ. வரும்? அதுதான் நரம்பு அடர்த்தி. ஒரு சதுர மி.மீ.யில் முக்கிய நரம்புகள் எத்தனை என்று எண்ணுவது இன்னொரு கணக்கு. கேட்க எளிதாக இருக்கிறது. இப்போது ஆரோக்கியமான கண்ணுக்கு விடை என்ன? லேசர் கருவியால் பார்த்தவர்கள் 20 மி.மீ.யை ஒட்டிச் சொன்னார்கள். அதற்கு முந்தைய வகைக் கருவிகளால் பார்த்தவர்கள் ஏறத்தாழ அதில் பாதியைச் சொன்னார்கள். கண்தானமாக வந்த கார்னியாவில் நரம்புக்கு மட்டும் சாயம் ஏற்றி, சாதாரணமாக மேசைமேல் வைக்கிற ஆய்வக மைக்ராஸ்கோப்பில் பார்த்த அமெரிக்க உடற்கூற்றியலாளர் மார்ஃபர்ட் குழுவினர் 2010-இல் மையப்பகுதிக்கு ஏறத்தாழ 46 மி.மீ. என்று எழுதினார்கள். 10, 20, 46! எல்லாம் மனிதக் கார்னியாதான். எல்லாரும் கவனமாக அளந்தவர்கள்தான். யாரும் பொய் சொல்லவில்லை.

அப்படியென்றால் எங்கே வித்தியாசம் வருகிறது? கருவிக்குள்ளே போய்ப் பார்த்தால்தான் தெரியும். இங்கேதான் நம் படிப்பு கைகொடுக்கிறது.

சாதாரண மைக்ராஸ்கோப்பில் உயிருள்ள கண்ணைப் பார்த்தால் எல்லா அடுக்கிலிருந்தும் ஒளி சிதறி வந்து பனிமூட்டம் மாதிரி ஆகிவிடும். இதற்கு அமெரிக்காவின் மார்வின் மின்ஸ்கி ஒரு வழி கண்டுபிடித்து 1957-இல் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தார். பின்னாளில் செயற்கை அறிவுத் துறையில் பெயர் பெற்றாரே, அவரேதான்! ஒளி போகிற பாதையில் ஒரு ஊசித்துளை, திரும்பி வருகிற பாதையில் ஒரு ஊசித்துளை. இரண்டும் ஒரே புள்ளியைப் பார்க்கும். அந்தப் புள்ளிக்கு மேலேயும் கீழேயும் இருந்து வருகிற ஒளி இரண்டாவது துளையில் நுழைய முடியாமல் நின்றுவிடும். இதற்குக் கன்ஃபோகல் முறை என்று பெயர். ஒரு புள்ளியைப் பார்த்தால் படம் ஆகாது. புள்ளியை நகர்த்தி நகர்த்திப் பார்வைப் பரப்பு முழுவதையும் துழாவ வேண்டும். எப்படித் துழாவுவது என்பதில்தான் மூன்று வகைக் கருவியும் பிரிகின்றன.

முதல் வகையில் ஒரு சுழலும் தட்டு. தட்டு நிறைய ஆயிரக்கணக்கான ஊசித்துளைகள். 1884-இல் ஜெர்மனியின் நிப்கோ, டெலிவிஷனுக்காக யோசித்த அதே தட்டு! அதை 1960-களில் செக்கோஸ்லோவாக்கியாவின் பெட்ரானும் ஹத்ராவ்ஸ்கியும் மைக்ராஸ்கோப்பில் மாட்டினார்கள். டாண்டம் ஸ்கேனிங் என்பது இதுதான். மெல்லிய அடுக்காக வெட்டிக் காட்டும், அதில் குறையில்லை. ஆனால் விளக்கின் வெளிச்சத்தில் பெரும்பகுதி தட்டிலேயே முட்டி நின்றுவிடும். படம் மங்கல். கார்னியாவில் நரம்பு தெரிவதே அது திருப்பி அனுப்புகிற துளி வெளிச்சத்தால்தான். வெளிச்சம் குறைந்தால் முதலில் காணாமல் போவது யார்? மெல்லிய கிளை நரம்புதான்.

இரண்டாவது வகையில் துளைக்குப் பதிலாக நீளமான பிளவு. கன்ஃபோஸ்கேன் என்ற பெயரில் வந்த கருவிகள் இந்த வகை. வெளிச்சம் தாராளம், படம் பளிச். ஆனால் பிளவின் நீளவாட்டில் கன்ஃபோகல் தன்மை போய்விடுகிறது. எனவே அடுக்கு தடிப்பாக வெட்டுகிறது; பக்கத்து அடுக்கின் மூட்டமும் கூடவே வந்து உட்காரும். 2008-இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் குழுவினர் இந்த வகையில் கன்ஃபோஸ்கேன் 4 கருவியையும் டாண்டம் கருவியையும் ஒப்பிட்டார்கள். பிளவுக் கருவி அதிக நரம்பைக் காட்டியது. மெல்லிசாக வெட்டும் கருவி அதிகம் காட்டும் என்றுதான் யாரும் நினைப்போம். நடந்தது வேறு! அடுக்கின் தடிமன் ஒன்றே எல்லாம் என்று நினைக்கக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவது லேசர். விழித்திரையைப் பார்க்க இருந்த ஹைடல்பெர்க் கருவியின் முன்னால் ஒரு தனி லென்ஸ் தொகுதியை மாட்டிக் கார்னியாவைப் பார்க்கலாம் என்று ஜெர்மனியின் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டினார்கள். அதனால் அதற்கு ராஸ்டாக் கார்னியா மாட்யூல் என்றே பெயர். 670 நானோமீட்டர் சிவப்பு லேசர். ஒரு படம் 400-க்கு 400 மைக்ரான். அதில் 384-க்கு 384 புள்ளிகள். வகுத்துப் பாருங்கள், ஒரு புள்ளி ஒரு மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். ஒரு படம் எடுக்க 0.024 விநாடி. வெளிச்சமும் உண்டு, மெல்லிய அடுக்கும் உண்டு. எனவே மற்ற இரண்டும் தவறவிட்ட கிளைகளை இது பிடிக்கிறது. 10 மி.மீ. 20 ஆன கதை இதுதான்.

அப்படியானால் சாயம் ஏற்றிப் பார்த்தவர்களின் 46? அவர்களுடையது ஒளி திரும்பி வருகிறதா என்று காத்திருக்கிற முறை அல்ல. நரம்பு இழையில் மட்டும் போய் ஒட்டுகிற சாயம், எத்தனை மெல்லிய இழையானாலும் பற்றிக்கொள்ளும். தவிர அவர்கள் நரம்பு எந்த ஆழத்துக்கு இறங்கி ஏறினாலும் கூடவே போகலாம்; கண் அசையுமே என்ற கவலை கிடையாது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தவர்கள் இன்னும் ஒரு குண்டைப் போட்டார்கள். கன்ஃபோகலில் ஒற்றைக் கோடாகத் தெரிகிற நரம்பு பல இழைகள் சேர்ந்த கற்றையாக இருக்கலாம்! தெருவில் போகிற ஒரு கேபிளை ஒரு கம்பி என்று எண்ணின கதைதான். அதற்காகச் சாயம்தான் சத்தியம் என்று சொல்லிவிடவும் முடியாது. இறந்த சில மணி நேரத்தில் இந்த நரம்புகள் சிதைய ஆரம்பித்துவிடும். தாமதமாக வந்த கார்னியாவில் சாயம் ஏற்ற நரம்பே மிச்சமிராது. எல்லாவற்றுக்கும் மேலாக, உயிரோடு இருக்கும் நோயாளியிடம் போய், "உங்கள் கார்னியாவைக் கொஞ்சம் கழற்றித் தாருங்கள்" என்று கேட்க முடியுமா?

இப்போது சிலர் சொல்வார்கள்: "லேசர் வந்தாயிற்று, பழையதைத் தூக்கிப் போடு." இன்னும் சிலர், "பழைய எண்ணை இரண்டால் பெருக்கினால் லேசர் எண் வந்துவிடுமே" என்பார்கள். இரண்டையும் நான் ஏற்கமாட்டேன்.

பெருக்கல் ஏன் கூடாது என்றால், அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி மி.மீ. ஆக்குகிற விஷயமில்லை இது. கருவி தவறவிடுவது எல்லா நரம்பிலும் பாதியை அல்ல. மெல்லிய நரம்பை மட்டும். தடித்த நரம்பு அதிகமாக இருக்கிற கண்ணில் இரண்டு கருவியும் கிட்டத்தட்ட ஒன்றாகச் சொல்லும். மெல்லிய கிளையே அதிகமாக இருக்கிற கண்ணில் பெரிய இடைவெளி விழும். எந்தக் கண்ணில் எது எவ்வளவு என்பது ஆளுக்கு ஆள், நோய்க்கு நோய் மாறும். வேண்டியது எந்த நோயாளிக்கோ, அவருக்கே அந்தப் பெருக்கல் காலை வாரிவிடும்.

பழையதை ஏன் தூக்கிப் போடக்கூடாது? லாசிக் சிகிச்சையில் கார்னியாவில் ஒரு மூடி மாதிரி வெட்டித் திறக்கும்போது இந்த நரம்புகளும் வெட்டுப்படுகின்றன. மறுபடி வளர எத்தனை காலம் ஆகும் என்று மேயோ கிளினிக்கில் கன்ஃபோகல் கருவியால் தொடர்ந்து பார்த்து 2005-இல் சொன்னார்கள்: சிகிச்சைக்கு முன் இருந்த அளவை நெருங்கவே ஐந்தாண்டு போல ஆகிறது என்று. மூடி வெட்டாமல் மேற்பரப்பிலேயே செய்கிற வேறு முறையில் இரண்டாண்டு. பின்னாளில் வந்த லேசர் கருவி காட்டுகிற அத்தனை நரம்பும் அந்த எண்களில் இல்லைதான். அதனால் அந்த முடிவு கெட்டுப்போகவில்லை. ஒரே கண், ஒரே முறை, முன்னும் பின்னும். அங்குலம் தவறாக அடித்த ஸ்கேலாக இருந்தாலும் பிள்ளை வளர்ந்திருக்கிறானா என்று அதே ஸ்கேலால் பார்த்துச் சொல்லிவிடலாம் அல்லவா? நடுவில் ஸ்கேலை மாற்றினால்தான் வம்பு.

அந்த வம்பை ஒரு நோயாளியின் மேல் வைத்துப் பாருங்கள். சர்க்கரை நோயாளி ஒருவருக்கு ஒரு வருஷம் பிளவுக் கருவியில் அளக்கிறார்கள். அடுத்த வருஷம் ஆஸ்பத்திரிக்கு லேசர் கருவி வந்துவிட்டது, அதில் அளக்கிறார்கள். அட்டையில் எண் மட்டும் இருக்கிறது, கருவியின் பெயர் இல்லை. போன வருஷம் 9, இந்த வருஷம் 14. "பரவாயில்லையே, நரம்பு வளர்ந்திருக்கிறது, மாத்திரை வேலை செய்கிறது" என்று அனுப்பிவிடலாம். உண்மையில் அவர் நரம்பு குறைந்துகொண்டே வந்திருக்கலாம். பாதத்தைக் கவனிக்கச் சொல்ல வேண்டிய நேரத்தில் பாராட்டி அனுப்பினால் கடைசியில் நஷ்டம் யாருக்கு?

கருவி ஒன்றாகவே இருந்தாலும் கதை முடியவில்லை. லேசர் படம் ஒன்றின் பரப்பு 0.4 பெருக்கல் 0.4, அதாவது 0.16 சதுர மி.மீ. அதில் 4 முக்கிய நரம்பு தெரிந்தால் சதுர மி.மீ.க்கு 25. ஐந்து தெரிந்தால் 31.25. மூன்று என்றால் 18.75. அதாவது ஒற்றைப் படத்தில் இந்த அளவின் லீஸ்ட் கவுண்ட் 6.25! ஓரத்தில் பாதி தெரிகிற ஒரு நரம்பைச் சேர்ப்பதா விடுவதா என்ற முடிவிலேயே 6.25 ஏறும், இறங்கும். எட்டுப் படம் எடுத்துச் சராசரி பார்த்தால் அது 0.78-க்கு வந்துவிடும். கருவியை மாற்றாமலே, ஒரு பைசா செலவில்லாமல் வருகிற துல்லியம் அது. எத்தனை படம் போதும் என்று ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012-இல் சொன்னதும் எட்டுதான். ஆனால் இரண்டு நிபந்தனை போட்டார்கள். படங்கள் ஒன்றின்மேல் ஒன்று 20 சதவீதத்துக்கு மேல் படியக் கூடாது. மற்றொன்று, படங்களைக் கண்ணை மூடிச் சீட்டு எடுப்பது போல எடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது நிபந்தனைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் நடைமுறையில் நூற்றுக்கணக்கான படத்தில் 'அழகாக' இருப்பதைப் பொறுக்குகிற பழக்கம் உண்டு. நரம்பு நிறையத் தெரிகிற படம்தானே அழகான படம்? பொறுக்கும்போதே எண் ஏறிவிடுகிறது. படங்களை ஒட்டி ஒட்டிப் பெரிய வரைபடமாக்கி அளந்தவர்களுக்குச் சராசரி குறைவாகத்தான் வந்தது. நரம்பு குறைந்த இடங்களும் அதில் மாட்டிக்கொண்டனவே! நம் லேபில் நடக்கிறது எல்லோருக்கும் தெரியும். ஐந்து ரீடிங்கில் ஒன்று ஒத்துவரவில்லை என்றால் அந்த ஒன்றுக்கு ரெக்கார்டில் இடமில்லை. கிராஃப் நேர்கோடாக வர வேண்டுமே! இதே கையை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகப் போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

எண்ணுவது யார் என்பதும் ஒரு தனி விஷயம். கம்ப்யூட்டரில் கையால் கோடு இழுத்து அளக்கலாம். அல்லது இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உருவானது போன்ற தானியங்கி நிரலிடம் விட்டுவிடலாம். நிரல் மனிதனைவிடக் குறைவாகவே எண்ணுகிறது, மங்கலான கிளைகளை விட்டுவிடுகிறது. ஆனால் காலையில் எண்ணினதையே சாயங்காலமும் எண்ணும். மனிதன் அப்படியா? களைப்பு, அவசரம், முன்முடிவு எல்லாம் சேரும். போதாக்குறைக்குக் கார்னியாவில் டென்ட்ரிடிக் செல் என்று கால் பரப்பின நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. பழக்கமில்லாத கண்ணுக்கு அதுவும் குட்டி நரம்பு மாதிரியே தெரியும். என்னைக் கேட்டால் நிரலுக்கே ஓட்டுப் போடுவேன். ஆனால் எந்த நிரல் என்பதையும் அட்டையில் எழுதிவிட்டுத்தான்.

சரியாகச் செய்தவர்களும் இருக்கிறார்கள். 2015-இல் பல நாடுகளைச் சேர்ந்த ஆறு மையங்கள் கூடி, 343 ஆரோக்கியமானவர்களின் கண்ணை அளந்து, வயதுக்கு ஏற்ற இயல்பு அளவு என்ன என்று வெளியிட்டன. ஒரே வகை லேசர் கருவி, ஒரே முறை. அதனால்தான் ஆறு மையத்தின் எண்ணையும் ஒரே பட்டியலில் போட முடிந்தது. அந்தப் பட்டியலை எடுத்துப் பிளவுக் கருவியில் அளந்த ஆளோடு ஒப்பிட்டால், ஆரோக்கியமானவரும் நோயாளி ஆகிவிடுவார்.

நான் டாக்டருக்குப் புத்தி சொல்ல வரவில்லை. நமக்கு அந்தத் தகுதியும் இல்லை. ஆனால் இந்தக் கருவிகள் பக்கத்தில் நின்று லென்ஸ் மூடியில் ஜெல் வைப்பது, கேலிபரேஷன் பார்ப்பது, படத்தைச் சேமிப்பது, அட்டையில் எண்ணை எழுதுவது எல்லாம் யார்? நம்மைப் போல டிப்ளமோ படித்துவிட்டுப் போகிற டெக்னீஷியன்தான். கருவியின் பெயர், எத்தனை படம், எப்படித் தேர்ந்தெடுத்தது, யார் எண்ணியது - இந்த நாலையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுத எந்த மேலதிகாரியின் அனுமதியும் வேண்டாம். அரை நிமிஷ வேலை. "ஃபாரத்தில் அதற்குக் கட்டம் இல்லையே" என்பார்கள். ஓரத்தில் இடம் இருக்கும்.

மாணவர் மன்றத்துக்கும் ஒரு யோசனை வைக்கிறேன். கன்ஃபோகல் கருவிக்கு நாம் எங்கே போவது? ஆனால் அரச இலை இருக்கிறதே! தண்ணீரில் ஊறப் போட்டுச் சதையைக் கழுவிவிட்டால் நரம்பு மட்டும் வலை மாதிரி நிற்கும். சின்ன வயதில் புத்தகத்தில் வைத்திருப்போம். அதில் ஒரு சதுர மி.மீ.க்கு நரம்பு நீளம் எத்தனை மி.மீ. என்று அளப்பதும் இதே கணக்குதான். கை லென்ஸ் ஒன்று, பிசிக்ஸ் லேபின் டிராவலிங் மைக்ராஸ்கோப் ஒன்று, மெக்கானிக்கல் பிரிவின் மெட்டலர்ஜிக்கல் மைக்ராஸ்கோப் ஒன்று. மூன்று கருவிக்கும் மூன்று குழு, ஒரே இலை. இலையின் மேல் சதுரம் கட்டி எண் போட்டு, எந்தச் சதுரம் என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுக்க வேண்டும். குழுவுக்கு எட்டுச் சதுரம். ஒரு குழுவின் நோட்டை இன்னொரு குழு பார்க்கக் கூடாது. வருகிற கண்காட்சியில் மூன்று எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் சார்ட்டில் எழுதி, கீழே அந்த இலையையும் ஒட்டி வைப்போம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்கள் மன்றச் செயலாளரிடம் கொடுக்கலாம். இலை ஊறப் பல நாள் ஆகும் என்பதால் இப்போதே பறித்துப் போட்டுவிடுவது நல்லது.